ஜிம்மில் ஃபிட்னஸ் அசெஸ்மென்ட்: போவதற்கு முந்தைய நாளிலிருந்து மறுபடி அளக்கும் நாள் வரை

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் எல்லோருக்கும் ஒரு அசெஸ்மென்ட் நடக்கும். மெஷின் மேல் ஏறி நிற்கச் சொல்வார்கள், கைப்பிடியைப் பிடிக்கச் சொல்வார்கள், அரை நிமிடத்தில் ஒரு தாள் வெளியே வரும். கொழுப்பு இத்தனை சதவீதம், தசை இத்தனை கிலோ, உங்கள் 'உடல் வயது' இத்தனை. பார்த்ததும் மனசு கலங்கும், சரியாக அந்த நேரத்தில் பேக்கேஜ் பற்றிய பேச்சும் வரும். தாள் பைக்குள் போகும், அதன் பிறகு யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் அந்த ஒரு மணி நேரம் அடுத்த ஆறு மாத உழைப்புக்கே திசை காட்டும். அங்கே எடுக்கும் ஒவ்வொரு எண்ணும் மூன்று மாதம் கழித்து வரப்போகிற உங்களோடு ஒப்பிடுவதற்காகத்தான், பக்கத்து டிரெட்மில்லில் ஓடுகிறவரோடு ஒப்பிட இல்லை. அதனால் எவ்வளவு வந்தது என்பதைவிட எப்படி அளந்தார்கள் என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

1. கேள்வித்தாளை உண்மையாக நிரப்புங்கள்

நல்ல ஜிம்மில் எடை பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். பெரும்பாலும் அது கனடாவில் உருவான 'பார்-கியூ' படிவம், அல்லது அதைப் பார்த்துத் தயாரித்தது. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா, ஓய்விலோ வேலை செய்யும்போதோ நெஞ்சு வலி வந்திருக்கிறதா, தலைசுற்றி நிலை தடுமாறியிருக்கிறீர்களா, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்பிலோ மூட்டிலோ பிரச்சினை உண்டா, இப்படி ஏழு கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வரிசையாக டிக் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இவற்றில் ஏதாவது இருந்து, இதுவரை உடற்பயிற்சிப் பழக்கமும் இல்லையென்றால், முதலில் டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள். நெஞ்சு வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல், மயக்கம், கணுக்கால் வீக்கம் போன்ற அறிகுறிகள் இருந்தால், ஏற்கெனவே பயிற்சி செய்கிறவராக இருந்தாலும் அப்படித்தான். கர்ப்பமாக இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கி வைக்கும். அது தெரியாமல் டிரெய்னர் துடிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், உங்களுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போது அவர் 'இன்னும் துடிப்பு ஏறவில்லை, வேகத்தைக் கூட்டலாம்' என்பார். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சியின்போது சுகர் திடீரென்று இறங்கலாம் என்பதால், இனிப்பாக ஏதாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வித்தாளே தராமல் நேராக டிரெட்மில்லில் ஏற்றிவிடும் இடம் என்றால், அங்கே பணம் கட்டும் முன் ஒரு முறை யோசியுங்கள்.

2. முந்தைய நாளும் அன்றைய நாளும்

முந்தைய நாள் கடுமையான பயிற்சி வேண்டாம், மது வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், பலகையில் ஏறி இறங்கும் ஸ்டெப் டெஸ்ட் நடுவில் கண் இருட்டும். தண்ணீர் வழக்கம்போலக் குடியுங்கள். காபி, சிகரெட் எல்லாம் குறைந்தது அரை மணி நேரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். தளர்வான உடை, ஓடுவதற்கான ஷூ.

அப்புறம், இவை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பெண்கள் என்றால் மாதவிடாய்ச் சுழற்சியில் எந்த நாள் (உடம்பில் நீர் தங்குவது அதைப் பொறுத்து மாறும்). மூன்று மாதம் கழித்து இதே நிலைமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது, நினைவை நம்பி அது நடக்காது.

3. உட்கார்ந்த இடத்தில் எடுக்கும் எண்கள்

நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். இரண்டும்தான் ஜிம்மில் அதிகமாகத் தப்பாக எடுக்கப்படுபவை, எனக்கே அது நடந்தது. நான் போன ஜிம் மூன்றாவது மாடியில், நேரமாகிவிட்டது என்று வேகமாகப் படியேறிப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்த அடுத்த நொடியே சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்திவிட்டார்கள், நானும் என்பாட்டுக்கு டிரெய்னரிடம் பேசிக்கொண்டிருந்தேன். 146/92. தாளில் சிவப்பு மையில் 'பி.பி. ஹை' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த நர்ஸ் ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார வைத்துவிட்டு எடுத்தார்: 124/80. மாறியது உடம்பு இல்லை, அளந்த விதம்.

சரியான முறை இதுதான். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜை மேல், இதயத்தின் உயரத்தில். பட்டை வெறும் தோலின் மேல், கையின் பருமனுக்கு ஏற்ற அளவில். எடுக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து சராசரி பார்க்க வேண்டும். டிரெய்னருக்கு அவசரம் இருந்தாலும் இதை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், 'அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு எடுக்கலாமா?' என்றால் மறுக்கிறவர் யாரும் இல்லை.

120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. உலக சுகாதார நிறுவனம் உட்படப் பல அமைப்புகள் 140/90ஐ உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்கமாக வைக்கின்றன, அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. ஒரு நாள் எடுத்த ஒரு எண்ணை வைத்து யாருக்கும் ரத்த அழுத்த நோய் என்று முடிவு செய்ய முடியாது, அது டாக்டரின் வேலை. ஆனால் அமைதியாக உட்கார்ந்து இரண்டு முறை எடுத்தும் 180/110ஐத் தாண்டினால், அன்றைக்கு மற்ற டெஸ்ட் எதுவும் வேண்டாம், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாடித்துடிப்பு பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கு 40களில்கூட இருக்கும். இதைக் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே எடுப்பதுதான் நம்பகமானது. மணிக்கட்டில் கட்டை விரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள், மூன்று நாள் எண்ணி சராசரி எடுங்கள். கட்டை விரலால் எண்ண வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும்.

4. எடை, இடுப்பு, கொழுப்பு

எடை எல்லோருக்கும் தெரியும், காலையில், கழிவறைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன் பார்ப்பது நல்லது. ஒரே நாளுக்குள் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம், பெரும்பகுதி தண்ணீரும் சாப்பாடும்தான்.

பி.எம்.ஐ. என்பது எடையை (கிலோவில்) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுத்தால் வருவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற புள்ளியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையின் சராசரியை ஆராயும்போது உருவாக்கியது, ஒரு தனி ஆளின் உடல்நலத்தைச் சொல்வதற்காக அவர் அதைச் செய்யவில்லை. தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. பொதுவாக 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்று தாளில் அச்சாகியிருக்கும். ஆனால் ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரையும் இதய நோயும் வரத் தொடங்குகின்றன என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது. தாளில் 24.5 என்று பச்சை நிறத்தில் இருந்தால் அந்தப் பச்சையை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் இன்ச் டேப்தான் அங்கே இருக்கும் கருவிகளிலேயே மதிப்பு மிக்கது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகம் ஆபத்தானது, அதைப் பற்றிய தகவல் எடையைவிட இடுப்பளவில் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப் வர வேண்டும். பேன்ட் போடும் இடம் இல்லை அது. வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்ட முடிவில், டேப் தோலை அழுத்தாமல், சுற்றிலும் தரைக்கு இணையாக. பின்பக்கம் டேப் இறங்கிவிடும், கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியும். தெற்காசிய மக்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எச்சரிக்கைக் கோடு. இன்னும் எளிதாக வேண்டுமென்றால், இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், 160 செ.மீ. உயரம் என்றால் 80க்குள்.

கைப்பிடி உள்ள அந்த மெஷின், உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதில் போகும், கொழுப்பில் தடை அதிகம். அதை வைத்து ஒரு சூத்திரத்தின் மூலம் கொழுப்பு சதவீதத்தைக் கணிக்கிறது. அதாவது அது கொழுப்பை நேரடியாக அளக்கவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், இப்போதுதான் சாப்பிட்டிருந்தாலும், வியர்த்திருந்தாலும் எண் மாறும், வேறு கம்பெனி மெஷின் என்றால் வேறு சூத்திரம், வேறு எண். ஆகவே அதே மெஷின், அதே நேரம், அதே நிலைமை. அப்போதும் ஒரு சதவீத ஏற்ற இறக்கத்துக்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறக் கூடாது. 'உடல் வயது' என்ற எண்ணை நான் பார்ப்பதே இல்லை, மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

தோலைக் கிள்ளிப் பிடித்து அளக்கும் காலிப்பர் முறையும் உண்டு. பழகிய கை எடுத்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் அடுத்த முறையும் அதே ஆள்தான் எடுக்க வேண்டும்.

5. மூச்சு எவ்வளவு தாங்கும்

இதற்கு ஆய்வகங்களில் முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் பயன்பாட்டை அளப்பார்கள். ஜிம்மில் அது தேவையில்லை, ஸ்டெப் டெஸ்ட் போதும். சுமார் 30 செ.மீ. உயரப் பலகை, மெட்ரோனோமில் (தாளம் தவறாமல் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 96 தட்டு. ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி. மூன்று நிமிடம். முடிந்ததும் உடனே உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். அந்த நிமிடத்தில் இதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதும் இந்த எண்ணுக்குள் வந்துவிடுகிறது, அதனால்தான் ஐந்து நொடிக்குள் எண்ணத் தொடங்குவது முக்கியம். தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டால் எண் தானாகவே குறைந்து, நீங்கள் இருப்பதைவிட நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு ஒரு மைல், அதாவது 1.6 கி.மீ. தூரத்தை முடிந்த வேகத்தில் நடந்து, எடுத்த நேரத்தையும் முடிவில் உள்ள துடிப்பையும் குறிக்கும் நடை டெஸ்ட் பொருந்தும்.

அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டமும் பிரபலம். ஆனால் அது முழு பலத்தோடு ஓட வேண்டிய டெஸ்ட், புதிதாகச் சேர்ந்தவருக்கு அதைக் கொடுக்கும் டிரெய்னரிடம் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று சொல்லலாம்.

நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாகப் போவது, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு முடிக்கப் பார்க்காதீர்கள்.

அதிகபட்ச இதயத் துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெட்மில்லில் ஒட்டியிருக்கும் அட்டவணை '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கில் போட்டது. 2001இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதில் இரண்டும் 180தான், ஆனால் 60 வயதில் ஒன்று 160, மற்றது 166. எந்தக் கணக்காக இருந்தாலும் ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு முன்பின் போவது சாதாரணம். உங்கள் ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் பொருத்தமாக வரும்: 40 வயது, ஓய்வில் 72 என்றால், 180க்கும் 72க்கும் இடைவெளி 108. அதில் 40 சதவீதம் 43, அதை 72உடன் கூட்டினால் 115. 60 சதவீதம் என்றால் 137. மிதமான பயிற்சிக்கு இந்த 115 முதல் 137 வரைதான் உங்கள் வட்டம். வாட்ச் இல்லையா, பேசிப் பாருங்கள். பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம், நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் கடுமையான வேகம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பேச்சு முறைதான் சரி.

6. பலம்

புஷ்-அப்பில் எத்தனை என்பதைவிட எதை ஒன்றாக எண்ணினீர்கள் என்று எழுதுங்கள். முழங்கால் ஊன்றியா, பாதம் ஊன்றியா, நெஞ்சு எவ்வளவு இறங்கியது. முதுகு வளைந்த பிறகு போட்டவை கணக்கில் இல்லை. பிளாங்க் (முழங்கையும் பாதமும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்து நிற்பது) என்றால் இடுப்பு தொங்கிய நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையைக் கண்டுபிடிக்கிறேன் என்று முதல் நாளே பார்பெல்லில் தட்டுகளை ஏற்றுவது தேவையில்லாத ஆபத்து. பத்து முறைக்குள் முடிகிற எடையைத் தூக்கிவிட்டு, எத்தனை முறை தூக்கினீர்களோ அந்த எண்ணை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். 40 கிலோவைப் பத்து முறை தூக்கினால் உத்தேசமாக 53 கிலோ.

60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாற்காலி டெஸ்ட். 43 செ.மீ. உயர நாற்காலி, சுவரில் சாய்த்தது. கைகளை நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது. என் அம்மாவுக்கு 62 வயதில் இதை எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் நான்கு சுலபமாக வந்தது, ஐந்தாவதில் கை தானாகவே தொடைக்கு வந்தது, டிரெய்னர் மெதுவாக 'கையை மேல வைங்கம்மா' என்றார். ஒன்பதில் நேரம் முடிந்தது. அந்த வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு. அதுவரை அம்மாவின் பிரச்சினை எடை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கால் பலம்தான் பிரச்சினை என்று 30 நொடியில் தெரிந்தது.

7. வளைவும் சமநிலையும்

நீட்டி உட்கார்ந்து கால் விரலைத் தொடுவது, கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஸ்குவாட் உட்காருவது, இவற்றைக் கைபேசியில் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், எண்ணைவிட அது உதவும். ஒற்றைக் காலில் 10 நொடி நிற்க முடிகிறதா என்றும் இரண்டு பக்கமும் பாருங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும்.

8. தாளோடு வீட்டுக்குப் போங்கள்

எண்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுடையவை. அன்றைக்கே பெர்சனல் டிரெய்னிங் பேக்கேஜில் கையெழுத்துப் போட வேண்டாம். எண்ணைப் பார்த்துப் பதறியிருக்கும் மனசு விலையைச் சரியாக எடை போடாது. ஒரு இரவு தள்ளிப்போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதற்குப் பதிலாக டிரெய்னரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'இதில் எந்த ஒரு விஷயத்தை நான் முதலில் கவனிக்க வேண்டும்? ஏன்?' யோசித்துப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். எல்லோருக்கும் சொல்லும் அதே பதிலைச் சொன்னால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

9. இலக்கு வைப்பது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் 'பத்து கிலோ குறைக்கணும்' என்று தொடங்குகிறார்கள். ஏன் பத்து என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலில் எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வாழ்க்கையில் என்ன மாற வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அம்மா சொன்னது: 'மாடிப்படியில கைப்பிடியைப் பிடிக்காம ஏறணும்.' இவ்வளவுதான். உங்களுக்கு அது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் நடப்பதாக இருக்கலாம், சுகர் மாத்திரை கூடாமல் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம்.

அடுத்து, அந்த வாக்கியத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றோ இரண்டோ எண்களைத் தாளிலிருந்து எடுங்கள். அம்மாவுக்கு நாற்காலி டெஸ்ட், சுகர் கவலை உள்ளவருக்கு இடுப்பளவு, மூச்சு வாங்குகிறவருக்கு ஸ்டெப் டெஸ்ட். மற்ற எண்கள் தாளிலேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துரத்தினால் மூன்றாவது வாரத்தில் சலித்துவிடும்.

எவ்வளவு என்பதை அடக்கமாக வையுங்கள். எடை என்றால் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, அதற்கு மேல் போனால் தசையும் சேர்ந்து போகும். சிறிய மாற்றத்துக்கு எவ்வளவு பலன் என்று பாருங்கள்: அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற பயிற்சியும்தான் இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோதான். பத்து கிலோ குறையவில்லையே என்று கைவிட்டவர்களில் எத்தனை பேர் இந்த ஐந்தரையை எட்டியிருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது அந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாரம் வாரம் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். எடை குறைவது முழுக்க உங்கள் கையில் இல்லை, செவ்வாய்க்கிழமை ஜிம்முக்குப் போவது உங்கள் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. இது போய்ச் சேர வேண்டிய இடம். இப்போது வாரம் 20 நிமிடம்தான் நடக்கிறீர்கள் என்றால் 60இல் தொடங்குங்கள். நேரம், எடை, நாட்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள், ஒன்றைக் கூட்டி இரண்டு வாரம் உடம்பைக் கவனியுங்கள்.

அம்மாவின் தாளில் இருந்தது இவ்வளவுதான்: திங்கள், புதன், வெள்ளி காலை, ஜிம்மில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 3 செட், எட்டு எட்டாக. லேசான டம்பெல்லோடு படி ஏறுவது. மற்ற நாட்களில் 20 நிமிட நடை. எட்டு சுலபமானால் பத்து, பத்து சுலபமானால் கையில் எடை.

தடை வரும் நாளுக்கும் முன்கூட்டியே வழி எழுதுங்கள். 'மழை பெய்தால் வீட்டிலேயே நாற்காலிப் பயிற்சி செய்வேன்', 'ஆபீஸில் நேரமானால் அரை மணி நேரமாவது போய்விட்டு வருவேன்'. 'இப்படி ஆனால் அப்படிச் செய்வேன்' என்று எழுதி வைத்திருப்பவர்கள் வெறும் எண்ணத்தோடு இருப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறார்களே, அதை நம்பி 22ஆம் நாள் மனசு தளர வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் விட்டால் மறுநாள் போங்கள்.

10. மறுபடி அளப்பது

எடையும் இடுப்பும் வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. முழு அசெஸ்மென்ட் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து. முதல் நாள் குறித்து வைத்ததை எடுத்துப் பாருங்கள்: அதே நேரம், அதே சாப்பாட்டு இடைவெளி, அதே மெஷின், முடிந்தால் அதே டிரெய்னர், அதே வரிசை. வரிசையும் முக்கியம், புஷ்-அப் போட்ட பிறகு ரத்த அழுத்தம் எடுத்தால் எதற்கும் உதவாது.

முதலில் ஏறுவது பலமாகத்தான் இருக்கும். தசை பெருப்பதற்கு முன்பே நரம்புகள் இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறைந்திருந்தால் அது நல்ல செய்தி. ஸ்டெப் டெஸ்ட் எண் குறைந்திருந்தால் நல்லது, சிலர் அது குறைந்ததைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். எல்லாமே அப்படியே இருந்தால், இலக்கைத் திட்டுவதற்கு முன் நாட்குறிப்பைப் பாருங்கள். திட்டமிட்ட நாட்களில் பாதிதான் போயிருக்கிறீர்கள் என்றால் திட்டம் உங்கள் வாழ்க்கைக்குப் பெரியது, நாட்களைக் குறையுங்கள். எல்லா நாளும் போயும் மாற்றமில்லை என்றால் பயிற்சி போதவில்லை, அல்லது தூக்கமும் சாப்பாடும் இடிக்கிறது, அதை டிரெய்னரிடம் பேசுங்கள். காய்ச்சலோ வேலையோ வந்து ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடாமல் புதிதாக ஒரு முதல் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து அதே நாற்காலியில் அம்மா 13 முறை எழுந்தார். கை தொடைக்கு வரவே இல்லை. எடை முக்கால் கிலோதான் குறைந்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாடிப்படியில் கைப்பிடியை விட்டுவிட்டு ஏறியவர், மேலே போய் நின்று, 'அடுத்தது தரையில உக்காந்து கையை ஊணாம எந்திரிக்கணும், அதை எப்படி அளப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு' என்றார்.